வலிப்பா, சீனி இறங்கினதா? இரண்டும் உள்ள பிள்ளைகளின் வீட்டார் எழுதுங்கள்

கிண்ணியாத் தாய் | 18 பெப்ரவரி 2024

என் மகனுக்கு எட்டு வயது. ஐந்து வயதில் சீனி வருத்தம் வந்தது, டைப் 1, இன்சுலின் ஊசியில்தான் இருக்கிறான். போன வருடம் வலிப்பும் சேர்ந்துவிட்டது. தலையில் வயர் ஒட்டிப் படம் எடுத்துப் பார்த்து, வலிப்பு நோய்தான் என்று சொல்லி மருந்து தந்திருக்கிறார்கள். உறக்கத்தில் பிள்ளைக்குக் கை கால் இழுக்கும்போது இது சீனி இறங்கினதா வலிப்பா என்று எனக்குப் பிடிபடுவதில்லை. மாமி எதுவானாலும் வாயில் சீனியைப் போடு என்கிறார். பிள்ளையின் வாப்பா ஒன்றும் போடாதே, தூக்கிக்கொண்டு ஓடு என்கிறார். அவர்கள் வாதாடி முடிய எனக்குக் கை நடுங்குகிறது. இப்படிப் பிள்ளை வைத்திருப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அந்த நேரத்தில் முதலில் என்ன செய்கிறீர்கள்?

குளிர்பெட்டி | 18 பெப்ரவரி 2024, இரவு

விரலைக் குத்துங்கள் தங்கச்சி. சீனியும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம், முதலில் விரல்.

என் மகளுக்கும் இரண்டும் உண்டு. பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் இருக்கிறோம். நான் டொக்டர் இல்லை, பிரிட்ஜ், ஏசி திருத்துகிறவன். ஆகவே மருந்தின் அளவு எதையும் என்னிடம் கேட்காதீர்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை இழுக்கும்போது டொக்டர் பக்கத்தில் இருப்பதில்லை, நீங்களும் நானும்தான் இருப்போம்.

எங்கள் வீட்டு ஒழுங்கு இது. ஒருவர் பிள்ளையைப் பக்கவாட்டில் சரித்துப் பிடிப்பார், மற்றவர் மணியைப் பார்த்துவிட்டு விரலைக் குத்தி மெசினில் சீனி பார்ப்பார். 70க்குக் கீழே (mg/dL கணக்கில்) என்றால் சீனி இறங்கியிருக்கிறது. 150, 200 என்றால் இது அதன் வேலை இல்லை, வலிப்பு. இழுத்துக்கொண்டிருக்கும்போது எது காட்டினாலும் வாய்க்குள் ஒன்றும் போகக்கூடாது. சீனி, தேன், தண்ணீர் எதுவுமே. விழுங்கத் தெரியாத நேரம் அது, நுரையீரலுக்குள் போய்விடும். மாமியிடம் சொல்லுங்கள், அவர் சொல்லும் சீனி பிள்ளை விழித்திருந்து, பேசி, விழுங்கும் நிலையில் இருக்கும்போது மிக நல்ல வைத்தியம். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் திரும்பக் குத்திப் பாருங்கள். அதற்குப் பதில் சொக்கிலேற் கொடுப்பார்கள் சிலர். அதில் உள்ள கொழுப்பு சீனியை மெதுவாகத்தான் விடும்.

ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது சீனி இறங்கி நினைவு இல்லாமல் கிடந்தால் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வண்டிக்குக் காசு கட்டத் தேவையில்லை.

குளிர்பெட்டி | 19 பெப்ரவரி 2024

நேற்று அவசரத்தில் விட்டது. ஏன் முதலில் விரல் என்று சொன்னேன் என்றால், பிறகு குத்தினால் கணக்குப் பொய் சொல்லும். பிள்ளை இழுத்து முடிந்து, எல்லாரும் அழுது முடிந்து, ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்து அங்கே குத்தினால் 180 காட்டும். "சீனி நல்லாத்தானே இருக்கு, இது வலிப்பு" என்று எழுதிவிடுவார்கள். ஆனால் உடம்பு அந்த அதிர்ச்சியில் அட்ரினலின் சுரந்து, ஈரலில் சேர்த்துவைத்த சீனியை வெளியே தள்ளியிருக்கும். தொடங்கும்போது 40 ஆக இருந்திருக்கலாம். அதைப் பார்த்தவர் யாரும் இல்லாவிட்டால் வலிப்புக் குளிசையைக் கூட்டுவார்கள், கூட்டவேண்டியது குளிசை இல்லை, குறைக்கவேண்டியது இரவு இன்சுலின். முதல் இரண்டு நிமிடத்தில் எடுத்த எண்ணைப் பேனையால் கையில் எழுதிக்கொண்டு போங்கள். என் மனைவி தன் உள்ளங்கையில் எழுதுவார். அதைக் காட்டினால் டொக்டர்மார் கேட்கிறார்கள்.

மெசின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். அலுமாரிக்குள் இல்லை. டோர்ச்சும் அதே பெட்டியில்.

குளிர்பெட்டி | 21 பெப்ரவரி 2024

மேலே ஒருவர் (பெயர் போடவில்லை) இரண்டு நோயும் ஒரே பிள்ளைக்கு வராது, டொக்டர் பிழையாகச் சொல்லியிருப்பார் என்று எழுதியிருக்கிறார். வரும் ஐயா. 2016இல் தாய்வானிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. டைப் 1 உள்ள பிள்ளைகளுக்கு வலிப்பு நோய் வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளை விட ஏறத்தாழ மூன்று மடங்கு. மூன்று மடங்கு என்றாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வராது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். டைப் 1 மட்டும் உள்ள பிள்ளையின் தாய் இதை வாசித்துவிட்டு இன்றிரவு தூங்காமல் இருக்கவேண்டாம்.

இன்னொருவர் இரும்பு கொடுக்கச் சொல்கிறார். எங்கள் ஒழுங்கையிலும் அப்படித்தான். பிள்ளை விழுந்தால் ஆளுக்கு ஆள் திறப்புக் கோர்வையைக் கொண்டுவந்து கையில் திணிப்பார்கள், ஒருவர் வெங்காயம் நசுக்குவார். வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நின்றுவிடும். இரும்புக்குப் பேர் கிடைக்கும். திறப்பால் பெரிய தீங்கு இல்லை, ஆனால் கையை விரிக்க இழுத்து மடக்கக் கூடாது, பல்லுக்கிடையில் கரண்டி வைக்கக் கூடாது. நான் திறப்புக்காரருக்கு ஒரு வேலை கொடுத்துவிடுவேன்: "அண்ணை, மணியைப் பார்த்துச் சொல்லுங்கோ." கை சும்மா இருக்காத ஆட்களுக்குச் சொல்லி வைத்த வேலை.

குளிர்பெட்டி | 22 பெப்ரவரி 2024

நூல் கட்டுவது பற்றிக் கேட்டவருக்கு: கட்டுங்கள். பத்திரகாளி அம்மனுக்கு நாங்களும் நேர்ந்திருக்கிறோம். குளிசையை மட்டும் நிறுத்தாதீர்கள். வலிப்புக் குளிசையைத் திடீரென்று விட்டால் விட்டுவிட்டு வந்த வலிப்பு நிற்காமல் தொடரக்கூடும். இன்சுலினை விட்டால் அதைவிட மோசம்.

கிண்ணியாத் தாய் | 6 மார்ச் 2024

அண்ணன், விரல் விசயம் செய்தேன். போன வெள்ளி இரவு 52 இருந்தது. பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு 1990க்கு அடித்தோம், நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மாமி இப்போது மெசினைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறார். நோன்பு வருகிறது, மகன் பிடிப்பேன் என்று அழுகிறான். கூட்டாளிகள் எல்லாரும் பிடிக்கிறார்களாம்.

குளிர்பெட்டி | 6 மார்ச் 2024

52 என்று அந்த நேரத்தில் தெரிந்ததே பெரிய காரியம்.

நோன்பைப் பற்றி நான் பேசக் கூடாது, உங்கள் மவ்லவி பேசவேண்டும். நோயாளிக்கும் பருவம் வராத பிள்ளைக்கும் கடமை இல்லை என்பது எனக்கே தெரியும், ஆனால் பிள்ளைக்கு அது பதில் இல்லை. அவனுக்குக் கூட்டாளிகளோடு இருக்கவேண்டும். விடிய முன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்புவதால் தூக்கம் உடையும், தூக்கம் குறைந்தால் வலிப்பு வரும். பகலில் சாப்பாடு இல்லை, சீனி இறங்கும். இரண்டு பக்கத்தாலும் அடி. நோன்பு திறக்கும் இப்தாருக்கு முதல் தட்டை அவனைக் கொண்டு பரிமாறச் செய்யுங்கள், பள்ளிவாசலுக்குக் கஞ்சி எடுத்துப் போகும் பொறுப்பைக் கொடுங்கள்.

எங்களுக்கும் இதே பாடுதான். நாளை மறுநாள் சிவராத்திரி. மகள் நான்கு சாமமும் கோணேசர் கோயிலில் விழித்திருக்கப் போகிறாளாம். முதல் சாமத்தோடு வீட்டுக்கு என்று பேரம் பேசி, பிறகு நகர்வலத்தில் தேரோடு எவ்வளவு தூரமும் நடக்கலாம் என்று முடித்திருக்கிறோம்.

குளிர்பெட்டி | 10 மார்ச் 2024

சிவராத்திரிக் கதை. கோட்டை வாசலால் கோயிலுக்கு ஏறும்போது மான்கள் நிற்கும், திருகோணமலையில் எல்லாருக்கும் தெரியும். மகளின் பையில் எட்டு மணிக்குச் சாப்பிட என்று பிஸ்கட் வைத்திருந்தோம். அவளுக்குக் காலையும் பின்னேரமும் போடும் இன்சுலினில் கலங்கல் மருந்தும் இருக்கிறது, அது மணிக்கணக்காக வேலை செய்யும், இடையில் சிறு தீனி விழாவிட்டால் சீனியை இழுத்து இறக்கிவிடும். மேலே போய்ப் பையைத் திறந்தால் பிஸ்கட் பெட்டி வெறுமை. முழுவதும் மானுக்கு. ஒரு மான் பெட்டியின் மட்டையையும் சாப்பிட்டதாம்.

கையில் குளுக்கோஸ் பொடி இருந்தது. 66. குடித்தாள், ஏறியது. "மானுக்குச் சீனி ஏறுமா அப்பா" என்று கேட்டாள். இனிமேல் மானுக்குத் தனிப் பொட்டலம்.

குளிர்பெட்டி | 2 ஏப்ரல் 2024

வருடப் பிறப்பு வருகிறது, சீனிக்குப் பதில் பனங்கட்டி கொடுக்கலாமா என்ற கேள்வி வந்துவிட்டது. பனங்கட்டியும் கித்துள் பாணியும் சீனிதான். இயற்கை, கறுப்பு, நல்லது எல்லாம் சரி, மெசினுக்கு அது தெரியாது. பலகாரம் சாப்பிடக் கூடாது என்று இல்லை. எவ்வளவு என்று அளந்து, அதற்கேற்ற இன்சுலினை டொக்டர் சொன்ன கணக்கில் போட்டுவிட்டுச் சாப்பிடலாம். ஒளித்துச் சாப்பிடுவதுதான் ஆபத்து, ஏனென்றால் ஊசி கணக்கில் வராது. வீட்டில் தடை போடப் போட ஒளிப்பு கூடும்.

குளிர்பெட்டி | 9 ஜூன் 2024

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. ஆளைச் சுடுகிறது. என் தொழிலுக்கு இதுதான் அறுவடைக் காலம், ஆகவே இன்சுலின் வைப்பதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். இந்த ஒரு விசயத்தில் நான் டொக்டருக்கே சொல்லக்கூடியவன்.

திறக்காத இன்சுலின் 2க்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்கவேண்டும். சூட்டுக்கு எல்லாரும் பயப்படுகிறார்கள். நான் போன வீடுகளில் பழுதான இன்சுலினில் பெரும்பாலானது சூட்டால் பழுதாகவில்லை, உறைந்து பழுதானது. உறைந்த இன்சுலின் பிறகு கரைந்து பார்க்க நல்லது மாதிரி இருக்கும், வேலை செய்யாது. வீசத்தான் வேண்டும். ஒற்றைக் கதவுப் பிரிட்ஜில் மேலே உறைபெட்டி இருக்கும், அதற்கு நேர் கீழ்த் தட்டு ஆகாது. இரட்டைக் கதவில் பின்சுவரில் காற்று வரும் துவாரத்துக்கு முன்னால் ஆகாது. கதவுத் தட்டும் வேண்டாம், தண்ணீர்ப் போத்தலுக்குப் பிள்ளைகள் திறந்து மூடித் திறந்து மூடி அது வெளியே இருப்பதற்குச் சமம். நடுத் தட்டு, முன்பக்கம், சுவரில் முட்டாமல், மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள். உள்ளே ஒரு சிறு வெப்பமானி. அவ்வளவுதான்.

பாவித்துக்கொண்டிருக்கும் போத்தல் பெரும்பாலும் நான்கு கிழமை வெளியே இருக்கலாம், 30 பாகைக்கு மேலே போகாவிட்டால். கச்சானில் எங்கள் தகரக் கூரைகளுக்குக் கீழே 30 எங்கே கிடைக்கும்? பானை வையுங்கள். பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஆற்றுமணல், மணலில் தண்ணீர், வாயில் ஈரத் துணி. தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். காற்று காய்ந்து இருந்தால்தான் நன்றாக ஆவியாகும், ஆகவே கச்சானில் அருமையாக வேலை செய்யும். வாடைக் காலத்தில் காற்றிலேயே ஈரம், பானை அவ்வளவாகக் குளிராது. அப்போது வெக்கையும் இல்லை, தேவையும் குறைவு.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணி நேரம் கறண்ட் இல்லாத நாள் வந்ததே, அப்போது பிரிட்ஜைத் திறக்காதீர்கள், திறக்காதீர்கள் என்று ஒழுங்கையெல்லாம் சொல்லித் திரிந்தேன். மூடியே வைத்தால் நாலு மணி நேரம் தாங்கும், பிறகு பானைதான். அந்த வருடம் மருந்துக் கடை மருந்துக் கடையாக ஏறி வலிப்புக் குளிசை தேடியதும், பெற்றோல் இல்லாமல் சைக்கிளில் போனதும் வேறு கதை. கலங்கல் மருந்தில் கட்டி தெரிந்தால், போத்தல் சுவரில் பனிப்பூ மாதிரி ஒட்டியிருந்தால், தெளிந்த மருந்து மங்கியிருந்தால் பாவிக்காதீர்கள். கலங்கல் மருந்தைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டவேண்டும்.

குத்தும் தாள்களின் டப்பாவை மூடி வையுங்கள். உப்புக் காற்றும் ஈரமும் பட்டால் அவை தப்பாகக் காட்டும். சமையலறை யன்னலில் வைப்பவர்களை எனக்குத் தெரியும்.

குளிர்பெட்டி | 11 ஜூன் 2024

இலவசமாகப் பிரிட்ஜ் பார்ப்பேனா என்று ஐந்தாறு பேர் கேட்டிருக்கிறீர்கள். இன்சுலின் உள்ள பிரிட்ஜ் என்றால் பார்ப்பேன், பியர் உள்ள பிரிட்ஜுக்குக் காசு. இரண்டும் இருந்தால் பாதி.

குளிர்பெட்டி | 7 ஆகஸ்ட் 2024

ஆடி அமாவாசைக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய்வந்தோம், அம்மம்மாவுக்குப் பிதிர்க்கடன் கழிக்க. ஏழு கிணறும் ஏழு விதச் சூடு. மச்சான் வாளியை மகளின் தலைக்கு மேலே தூக்கிவிட்டான், நான் பிடித்துவிட்டேன். சொந்தக்காரர் எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை!

காரணம் இரண்டு. இன்சுலின் போட்டபின் உடம்பு சூடானால் தோலுக்கடியில் இரத்த ஓட்டம் கூடி மருந்து வேகமாக ஏறும், சீனி எதிர்பாராமல் இறங்கும். காலை ஊசி போட்டு வெந்நீர் ஊற்றுக்குப் போவது அதைத்தான் செய்யும். மற்றது, தலையில் சுடுதண்ணீர் ஊற்றும்போதே வரும் ஒரு வகை வலிப்பு இருக்கிறது. தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகப் பக்கம், நிறையப் பதிவாகியிருக்கிறது. என் மகளுக்கு அந்த வகை என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சோதிக்கவில்லை. காலில் ஊற்றிவிட்டு, தலைக்குப் போத்தல் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தோம். இராவணன் தாய்க்குக் கடன் செய்த இடம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடலைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் இந்த மாதங்களில் கடல் குளம் போலக் கிடக்கும், பிள்ளையை எப்படிப் பிடித்து வைப்பது? இறங்கலாம். ஆனால் ஒரு பெரிய ஆள் அவளுக்கென்றே, கைக்கெட்டும் தூரத்தில், கைத்தொலைபேசி இல்லாமல். இறங்க முன்னும் ஏறிய பின்னும் விரல். அன்று இரவும் ஒரு தடவை, ஏனென்றால் நன்றாக விளையாடிய நாளின் சீனி இறக்கம் பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில்தான் வரும். பகலில் வராவிட்டால் தப்பினோம் என்று நினைப்பவர்கள் பலர்.

குளிர்பெட்டி | 8 ஆகஸ்ட் 2024

இரவில் குத்துவதைப் பற்றி ஒரு மறுயோசனை. இரவுக்கு இரண்டு தடவை எழுப்பிக் குத்தும் வீடுகள் உண்டு. சீனிக்கு நல்லது, வலிப்புக்குக் கூடாது, தூக்கம் உடைகிறதே. நாங்கள் எழுப்புவதே இல்லை. கால் விரலில் குத்தக் கூடாது என்று கிளினிக்கில் சொன்னார்கள், ஆகவே கை விரல் நுனியின் பக்கத்தில், இருட்டில் சின்ன டோர்ச்சோடு. முதலில் முனகுவாள், இப்போது தூங்கிக்கொண்டே கையை நீட்டுகிறாள். எல்லா இரவும் இல்லை. விளையாடிய நாள், காய்ச்சல் நாள், ஊசி அளவு மாறிய நாள்.

கனடாவில் ஒரு சித்தப்பா | 10 ஆகஸ்ட் 2024

கையில் ஒட்டும் சென்சார் இங்கே கிடைக்கும், அனுப்பலாமே? குத்தவே தேவையில்லை.

குளிர்பெட்டி | 25 ஆகஸ்ட் 2024

தம்பி, என் மச்சாள் அனுப்பியிருந்தார், பாவித்தோம். நல்ல சாமான். பகலில் சொர்க்கம். இரவில் மகள் சென்சார் ஒட்டிய கைப்பக்கம் திரும்பிப் படுத்தால், அழுத்தத்தில் அது 48 என்று கூவும். ஓடிப்போய் விரலைக் குத்தினால் 120. பிறகு திரும்பிப் படுத்ததும் சென்சாரும் 120. இப்படி ஓடி ஓடி என் மனைவிக்குத்தான் தூக்கம் போனது. கூவினால் முதலில் பிள்ளையை மறுபக்கம் புரட்டுங்கள், பிறகு விரலில் சரிபாருங்கள். குத்தவே தேவையில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். முடிந்தபின் அடுத்தது யார் அனுப்புவார் என்ற கேள்வியும் இருக்கிறது. வெளிநாட்டுச் சொந்தத்தில் தங்கி ஒரு முறையைப் பழகினால், அது நிற்கும் நாளில் பிள்ளைக்குப் பழைய பழக்கம் மறந்திருக்கும். ஆகவே சென்சார் இருந்தாலும் நாளைக்கு இரண்டு தடவை விரல், பழக்கத்துக்காக.

அனுப்புகிறீர்கள் என்றால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். குத்தும் தாளும் சேர்த்து அனுப்புங்கள்.

குளிர்பெட்டி | 14 செப்டெம்பர் 2024

நாளை புலமைப்பரிசில் பரீட்சை. மேசையில் குளுக்கோஸ் தண்ணீரும் மெசினும் வைக்க முன்கூட்டியே அதிபர் மூலம் கடிதம் கொடுத்திருந்தோம். நீங்களும் கடைசி நாள்வரை விடாதீர்கள்.

பள்ளிக்கூட விசயம் இன்னும் எழுதவில்லை, எழுதினால் கோபம் வரும். முன்பிருந்த பள்ளியில் (பெயர் வேண்டாம்) வலிப்பு என்று கேட்டதும் விளையாட்டுப் போட்டி, சுற்றுலா, மேடை எல்லாவற்றிலும் பிள்ளையின் பெயரை வெட்டினார்கள். அக்கறையாம். ஒரு நாள் சீனி இறங்கி மேசையில் தலை சாய்த்தபோது, தூங்குகிறாள் என்று வெளியே நிற்கவும் வைத்தார்கள். அக்கறை எங்கே போனது?

சொல்வதா மறைப்பதா என்பதில் என் மனைவியின் வீட்டார் மறைக்கச் சொன்னார்கள். "பொம்பிளைப் பிள்ளை, நாளைக்கு ஒருத்தன் கேட்டு வரமாட்டானா?" நான் ரீச்சருக்கு மட்டும் சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன். இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன். ரீச்சர் லீவில் நிற்பார், அதிபர் கூட்டத்துக்குப் போவார், பக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளை நிற்கும். புதிய பள்ளியில் வகுப்புக்கே சொன்னோம், மகளே சொன்னாள், மெசினைக் காட்டி. ஒரு பையன் எனக்கும் குத்து என்று கை நீட்டினானாம். ரீச்சர் விடவில்லை. அவளுக்கு வியர்த்துக் கொட்டினால், பேச்சு இழுத்தால், முதலில் கத்துவது அவள் கூட்டாளிதான்.

குளிர்பெட்டி | 16 செப்டெம்பர் 2024

பரீட்சை முடிந்தது, சீனி 140, வலிப்பு இல்லை. எழுதியது எப்படி என்று கேட்டால் "தண்ணி நல்லா இருந்தது" என்கிறாள்.

குளிர்பெட்டி | 20 ஒக்ரோபர் 2024

காய்ச்சல் வந்து போனது. இந்த விசயம் கிளினிக்கில் கேட்கும்வரை எனக்குத் தெரியாது, இங்கே எழுதி வைக்கிறேன்.

காய்ச்சலில் டைப் 1 பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தக் கூடாது, சாப்பிடாவிட்டாலும். அளவை டொக்டர் மாற்றுவார், நிறுத்துவதில்லை. நிறுத்தினால் உடம்பு கொழுப்பை எரித்து, கீற்றோன் என்ற அமிலப் பொருள் இரத்தத்தில் கூடும். வாந்தி, வயிற்று நோ, ஆழமாக இழுத்து இழுத்து மூச்சு, மூச்சில் ஒரு பழ வாசம். அதற்காகச் சிறுநீரில் தாள் நனைத்துப் பார்ப்போம். மகளின் தாள் ஊதா நிறமானது. ஆனால் பிள்ளை எழும்பி ரீவி பார்க்கிறாள், சீனி 160. ஓடிப்போனோம்.

அங்கே இளம் டொக்டர் ஒருவர் மருந்துக் கொப்பியைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். மகள் குடிப்பது வல்புரோயேற் என்ற வலிப்பு மருந்து. அந்த மருந்தின் ஒரு பகுதி கீற்றோனாகத்தான் சிறுநீரில் போகுமாம். தாள் அதைப் பிடித்துக்கொண்டு பொய்யாக நிறம் மாறும். இரத்தத்தில் கீற்றோன் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. அதற்காகத் தாளை நம்பாமல் வீட்டில் இருந்துவிடாதீர்கள், அன்று அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். சந்தேகம் என்றால் போங்கள், போய் "வல்புரோயேற் குடிக்கிற பிள்ளை" என்று முதல் வசனத்தில் சொல்லுங்கள்.

குளிசை குடித்த கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தால் திரும்பக் கொடுப்பதா என்பதையும் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் இரவில் போன் எடுத்துக் கேட்க ஆள் இராது.

கிண்ணியாத் தாய் | 21 ஒக்ரோபர் 2024

மகனுக்கும் அதே மருந்துதான் அண்ணன். பாணியாகத் தந்தார்கள், இனிப்பு.

குளிர்பெட்டி | 21 ஒக்ரோபர் 2024

சீனி சேராத பாணியும் உண்டு தங்கச்சி, மருந்து எழுதும்போதே கேளுங்கள். குளிசையாக மாற்றினால் சிலதை உடைக்கவோ அரைக்கவோ கூடாது, அதையும் கேளுங்கள்.

குளிர்பெட்டி | 17 நவம்பர் 2024

மகளின் குளிசையை மாற்றப் போகிறார்கள். வல்புரோயேற் பெண் பிள்ளைகளுக்குப் பெரியவளாகும் வயதுக்குப் பிறகு முடிந்தவரை கொடுப்பதில்லை. பிற்காலத்தில் கர்ப்பமானால் குழந்தைக்குக் குறை வரும் ஆபத்து கூட. கொழும்புக்கு, லேடி றிட்ஜ்வே பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பேசினோம். இரவு ரயிலில் போகாதீர்கள், பிள்ளை தூங்காமல் போய் விடியக் கிளினிக்கில் வலிப்பு வந்த தாய் ஒருவரோடு பேசினேன். பகல் பஸ்ஸில் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் படுத்து எழும்பிப் போங்கள்.

புதியது லெவெற்றிரசெற்றம். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்களாம். சில பிள்ளைகளுக்கு எரிச்சலும் கோபமும் வரும் என்று சொன்னார்கள்.

குளிர்பெட்டி | 8 டிசம்பர் 2024

கோபம் வந்துவிட்டது. ஆனால் யாருடையது என்று தெரியவில்லை. சீனி இறங்கினாலும் கோபம் வரும், குளிசையாலும் வரும், பதினொரு வயது நெருங்குவதாலும் வரும். தம்பியின் சைக்கிளை மதிலுக்கு மேலால் எறியப் போனாள். நான் வழக்கம்போல மெசினை எடுத்தேன். 131.

"நான் கோபப்பட்டால் விரலைக் குத்துறீங்க, அம்மா கோபப்பட்டால் ஏன் குத்துறதில்லை?"

மனைவி உடனே கையை நீட்டினார். 98. இரண்டு பேருக்கும் சீனி சரி, அப்படியானால் கோபத்துக்குக் காரணம் நான்தான் என்று தீர்ப்பாகிவிட்டது.

விளையாட்டு ஒருபக்கம். மாற்றம் தொடங்கிய நாள், கோபம் வந்த நேரம், அப்போது இருந்த சீனி மூன்றையும் கொப்பியில் எழுதுகிறோம். சீனி சரியாக இருந்தும் கோபம் கூடிக்கொண்டே போனால் டொக்டரிடம் காட்டவேண்டும், குழப்படி என்று அடித்துவிடக் கூடாது. தம்பிக்காரனைப் பற்றியும் ஒரு வரி: அவன் இப்போது அடிக்கடி "எனக்கும் சீனி இறங்கிது" என்று சுருண்டு படுக்கிறான், குளுக்கோஸ் பிஸ்கட்டுக்காக. அவனுக்கும் குத்துகிறோம், பிறகு பிஸ்கட்டும் கொடுக்கிறோம்.

கிண்ணியாத் தாய் | 15 டிசம்பர் 2024

மழைக்குப் பிறகு எங்கள் பிரிட்ஜ் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது, உள்ளே வெப்பமானி 0 காட்டுகிறது. இன்சுலினை வெளியே எடுத்துவிட்டேன். உள்ளே 7 வரை எண் போட்ட திருகில் 5இல் இருக்கிறது.

குளிர்பெட்டி | 15 டிசம்பர் 2024

எடுத்தது சரி. 0 இல் இருந்த போத்தல்களைப் பாருங்கள். உறைந்திருந்தது என்று சந்தேகமானால் பாவிக்கவேண்டாம், கிளினிக்கில் சொல்லி வேறு எடுங்கள். திருகில் எண் கூடக் கூடக் குளிர் கூடும், வெளியே மழைக் குளிர் என்றால் 2 அல்லது 3 போதும். குறைத்தபின்னும் நிற்காமல் ஓடினால் தெர்மோஸ்ராற் போயிருக்கும், அல்லது கதவு ரப்பர் சரியாக மூடவில்லை. ஒரு தாளைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர்தான். செவ்வாய் கிண்ணியாப் பாலத்தடியில் ஒரு வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன். பின்பக்க ஸ்ரிக்கரைப் படம் எடுத்துப் போடுங்கள், மொடல் தெரிந்தால்தான் சாமான் கொண்டு வரலாம்.